விப்ரியோ ஒளிர்வுப் பெட்டி: நெல்லை வெக்கையைத் தாங்குமா?

கல்லூரி ஆய்வகங்களுக்கென்று விற்கும் ஒளிரும் பாக்டீரியாப் பெட்டிகளில் பெரும்பாலானவை, இருட்டில் மினுங்கும் ஒரு குடுவையைக் காட்டி மாணவர்களை வாய்பிளக்க வைப்பதோடு சரி. இந்தப் பெட்டி அதைத் தாண்டிப் போகிறது. விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியாவின் இயல்பான ரகத்தோடு, ‘லக்ஸ் ஐ’ என்ற ஒரே ஒரு மரபணுவை முடக்கிய இன்னொரு ரகமும் உள்ளே இருக்கிறது. ஒளியை எப்போது தொடங்குவது என்று அந்தச் செல் எப்படி முடிவெடுக்கிறது என்பதைக் கையாலேயே செய்து பார்த்துவிடலாம். அதற்காகவே வாங்கலாம். ஆனால் கையேட்டை எழுத்துக்கு எழுத்து நம்பிச் செய்தால், திருநெல்வேலிச் சீமையில் வருஷத்தின் பெரும்பகுதி இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம், கையேட்டுக்கு இரண்டு.

உள்ளே இருப்பவை: உறைநிலையில் உலர்த்திய இரண்டு குப்பிகள் (பச்சை மூடி இயல்பான ரகம், சிவப்பு மூடி முடக்கிய ரகம்), ஒளியைத் தூண்டும் சமிக்ஞை மூலக்கூறு 2 மில்லிகிராம் அடங்கிய பழுப்புக் குப்பி, அரை லிட்டருக்கான ஊடகப் பொடி, பெட்ரித் தட்டுகள், 0.22 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டிகள், உள்ளே எட்டிப் பார்க்கத் துளை வைத்த கறுப்பு அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி சுமார்தான். மூலை மடிப்புகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே இறங்குகிறது. நாலு மூலையிலும் எலக்ட்ரீசியன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினால் சரியாகிவிடும்.

குப்பிகளை உலர் நிலையில் கேட்டு வாங்குங்கள். அகார் சாய்வுக் குழாயிலும் அனுப்புகிறார்கள். சித்திரை, வைகாசியில் கூரியர் வண்டியின் சூட்டில் இரண்டு நாள் கிடந்து வரும் சாய்வுக் குழாயை நம்ப முடியாது. உலர்ந்த குப்பி தாங்கும். அரை மில்லி ஊடகம் விட்டுப் பத்து நிமிஷம் ஊறவைத்து, பாதியைத் திரவ ஊடகத்திலும் பாதியைத் தட்டிலும் போடுங்கள். முதல் வளர்ப்பு பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். பொருள் கெட்டுப்போய்விட்டது என்று கம்பெனிக்குப் போன் போடும் முன், இன்னொரு முறை புதுத் தட்டில் இழுத்து வளர்த்துப் பாருங்கள். அதிலிருந்து இருட்டில் பளிச்சென்று தெரியும் குமிழியாக (தட்டில் புள்ளியாகத் திரண்ட பாக்டீரியாக் கூட்டம்) பார்த்து எடுத்து, 20 சதவீதக் கிளிசராலில் சேமித்துக்கொள்ளுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் மங்கல் ரகங்கள் மேலோங்கிவிடும்.

சோதனைக்குப் போகுமுன் அடிப்படை. விப்ரியோ ஃபிஷெரியில் ஒளிக்கான லக்ஸ் மரபணுக்கள் எதிரெதிர்த் திசையில் இரண்டு பிரிவாக இருக்கின்றன. ஒரு பக்கம் லக்ஸ் ஆர் தனியாக நிற்கிறது. மறுபக்கம் ஐ, சி, டி, ஏ, பி, ஈ, ஜி என்று ஒரே ஓபரானில், அதாவது சேர்ந்தே இயங்கும் மரபணுத் தொகுப்பில், வரிசை. ஏ, பி இரண்டும் ஒளி உண்டாக்கும் லூசிஃபரேஸ் நொதியின் இரு துணையலகுகளுக்கானவை. சி, டி, ஈ சேர்ந்து டெட்ராடெக்கனால் என்ற ஆல்டிஹைடைத் தயாரித்துக் கொடுக்கும். ஜி, ஃபிளேவினை ஒடுக்கித் தரும். ஒடுங்கிய ஃபிளேவின், ஆல்டிஹைடு, ஆக்சிஜன் மூன்றும் லூசிஃபரேஸில் கூடும்போது 490 நானோமீட்டர் வாக்கில் நீலப்பச்சை ஒளி வரும். மிச்சமிருப்பது ஐ. அது செய்யும் புரதம் 3-ஆக்ஸோஹெக்சனாயில் ஹோமோசெரின் லாக்டோன் என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஆய்வகப் பேச்சில் ஏஹெச்எல். இது செல்சவ்வைத் தாண்டித் தாராளமாக உள்ளும் புறமும் போய்வரும். வெளியே செறிவு ஏறினால் உள்ளேயும் ஏறும். சுமார் 10 நானோமோலாரை எட்டும்போது லக்ஸ் ஆர் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய லக்ஸ் ஆர், ஓபரானுக்கு முன்னால் இருக்கும் 20 காரஇணை நீள ‘லக்ஸ் பெட்டி’யில் போய் உட்கார்ந்து, மரபணுவைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸை இழுத்து வரும். ஓபரானின் முதல் மரபணுவே ஐ என்பதால், ஒளி தொடங்கும்போதே சமிக்ஞையும் பெருகுகிறது. அதனால்தான் ஒளி மெல்ல ஏறாமல், ஒரு கட்டத்தில் குப்பென்று தாவுகிறது.

வடத்தில் ஆள் சேர்ந்தால்தான் நெல்லையப்பர் தேர் நகரும் என்று இதை வகுப்பில் விளக்குவதுண்டு. ஓரளவுக்குத்தான் பொருந்தும். பாக்டீரியா ஆளை எண்ணுவதில்லை, அளப்பது செறிவை மட்டுமே. திறந்த கடலில் மில்லிக்குச் சில நூறு செல்கூட இருக்காது, சுரந்த ஏஹெச்எல் கரைந்து போய்விடும். ஹவாய்ப் பக்கத்துக் குட்டிக் கணவாயான யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸின் ஒளியுறுப்புக்குள் அதே பாக்டீரியா மில்லிக்கு ஆயிரம் கோடி என்ற நெருக்கத்தில் அடைந்து கிடக்கும். போக இடமில்லாத ஏஹெச்எல் அங்கே குவிகிறது. கூட்டம் பெரிதா என்பதோடு இடம் எவ்வளவு நெருக்கம் என்பதும் கணக்கில் சேர்கிறது. கையேடு இந்த வித்தியாசத்தைச் சொல்லவே இல்லை.

பெட்டியின் உயிரான சோதனை நாலு குழாய். ஒன்றில் இயல்பான ரகம். இரண்டில் முடக்கிய ரகம் மட்டும். மூன்றில் முடக்கிய ரகத்தோடு ஏஹெச்எல். நாலில் முடக்கிய ரகத்தோடு, இயல்பான ரகம் வளர்ந்து முடித்த ஊடகத்தின் வடிகட்டிய நீர். ஒன்று, மூன்று, நாலு ஒளிர வேண்டும், இரண்டு இருட்டாக இருக்க வேண்டும். 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் பாக்டீரியா தன் ஊடகத்தில் எதையோ சேர்த்துத் தன் ஒளியைத் தானே தூண்டிக்கொள்கிறது என்று காட்டியதன் சுருக்கம்தான் நாலாவது குழாய். அந்த ‘எதையோ’ இன்னதென்று வேதியியல் அமைப்பு தெரிந்தது 1981இல். லக்ஸ் மரபணுக்களை மொத்தமாக இ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அதையும் கூட்டம் சேர்ந்தால் ஒளிர வைத்தது 1983இல். இந்த வரலாற்றுப் பக்கம் ஒன்றைத்தான் கையேடு ஒழுங்காக எழுதியிருக்கிறது.

இந்த நாலு குழாயில் மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, நீர்ப்பு. இரவு முழுக்க வளர்ந்ததை எடுத்து இருபதுக்கு ஒன்றாக நீர்க்கச் சொல்கிறது கையேடு. அது வேலைக்காகாது. ராத்திரி வளர்ப்பில் ஏஹெச்எல்லும் முன்பே செய்து வைத்த லூசிஃபரேஸும் தேங்கி நிற்கும். இருபதில் ஒன்று என்றால் இரண்டும் கணிசமாகக் கூடவே வந்துவிடும், முதல் குழாய் தொடக்கத்திலிருந்தே ஒளிரும், மாணவர் வரையும் கோட்டில் தாவலே இருக்காது. ஆயிரத்துக்கு ஒன்று போடுங்கள்: 50 மில்லி ஊடகத்துக்கு 50 மைக்ரோலிட்டர். பழைய நிலைக்கு வரப் பத்து முறை இரட்டிக்க வேண்டும், 24 டிகிரியில் அதற்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். அதாவது மூன்று மணி நேரச் செய்முறை வகுப்புக்குள் அடங்காது. காலை ஏழு மணிக்கு யாராவது வந்து கலந்துவைத்துவிட்டால், பதினொரு மணி வகுப்பு தாவல் நடக்கும் நேரத்தைப் பிடித்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை கலரிமீட்டரில் 600 நானோமீட்டரில் கலங்கல் அளவையும், அதே நேரத்து ஒளியையும் குறியுங்கள். ஒளியைச் செல் அடர்த்தியால் வகுத்து வரைந்தால், முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு செங்குத்தாக ஏறும் கோடு கிடைக்கும். அந்த இறக்கம், முன்பிருந்த லூசிஃபரேஸ் பெருகும் செல்களிடையே பங்காகிக் குறைவதால் வருவது.

இரண்டாவது, பி.எச். கையேடு ஏஹெச்எல்லைத் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறது, ஊடகத்துக்கு, பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் எதுவும் சொல்லவில்லை. லாக்டோன் வளையம் காரத்தில் திறந்துகொள்ளும். பி.எச். 8ஐத் தாண்டினால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும், திறந்த மூலக்கூறை லக்ஸ் ஆர் ஏற்பதில்லை. பெப்டோனைத் தின்று வளரும் விப்ரியோ அம்மோனியாவை விட்டு ஊடகத்தைக் காரமாக்கிக்கொண்டேயும் போகும். எனவே பழுப்புக் குப்பியில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை 0.94 மில்லி விட்டுக் கரையுங்கள், 10 மில்லிமோலார் கிடைக்கும். சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைவிப்பானில் வையுங்கள். 10 மில்லி வளர்ப்புக்கு 1 மைக்ரோலிட்டர் என்றால் 1 மைக்ரோமோலார், தாராளம். இரண்டாவது குழாய்க்கும் வெறும் டிஎம்எஸ்ஓ 1 மைக்ரோலிட்டர் விட மறக்க வேண்டாம். இல்லையென்றால், ஒளிர வைத்தது கரைப்பானாக இருக்கக் கூடாதா என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், பதில் இருக்காது.

பெட்டியில் வரும் அரை லிட்டர் ஊடகம் ஒரு வகுப்புக்கே காணாது. அடுத்த முறைக்குச் சொந்தமாகச் செய்வதே மலிவு: லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 20 கிராம், கிளிசரால் 3 மில்லி, டிரிஸ் 6 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 7.5க்குக் கொண்டுவந்து, 121 டிகிரியில் 15 நிமிஷம் ஆட்டோகிளேவ். தட்டுக்கு அகார் 15 கிராம் சேருங்கள். தூத்துக்குடிக் கல் உப்பே போதும், கரைத்து வடிகட்டினால் அடி மண் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து போர் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். லக்ஸ் ஆர் மரபணு இயங்க, செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு வேண்டும், குளுக்கோஸ் அதைக் குறைத்து ஒளியைத் தள்ளிப்போடும். வேண்டுமென்றே அரை சதவீதம் சேர்த்து ஐந்தாவது குழாய் வைத்துக் காட்டினால் நல்ல பாடம்.

மூன்றாவது, சூடு. இங்கேதான் பெட்டியின் மானம் போகிறது. ‘அறை வெப்பநிலையில் வளர்க்கவும்’ என்று ஒரே வரி. எந்த ஊர் அறை? கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை ஆய்வகத்து அறை 34, 35 என்று நிற்கும். விப்ரியோ ஃபிஷெரி அதிலும் ஓரளவு வளரும், குழாய் கலங்கும், அடர்த்தி ஏறும், ஒளி மட்டும் வராது. 30 டிகிரியைத் தாண்டினால் ஒளி அமைப்பு தடுமாறுகிறது. லக்ஸ் ஆர் புரதம் சரியாக மடிந்து நிலைப்பதில்லை, லூசிஃபரேஸும் சூட்டுக்கு மெலிந்தது. 22 முதல் 25 டிகிரி என்று தெளிவாக அச்சடித்திருக்க வேண்டும். குளிரவும் வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் இருந்தால் அதற்குள்ளேயே சின்ன ஷேக்கரை இறக்கிவிடுங்கள். இல்லாத இடத்தில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, ஜெல் ஐஸ் பை, ஒரு தெர்மாமீட்டர். ஐஸ் பை குழாயைத் தொடாமல் நடுவில் அட்டை வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒப்பேறிவிடும். கரண்ட் போனாலும் இது பாட்டுக்கு ஓடும். பாடத்திட்டத்தில் இடமிருந்தால் இந்தச் செய்முறையைக் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளுவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

குழாய் இருட்டாக இருந்தால் மரபணு ஓடவில்லை என்று உடனே எழுதிவிட வேண்டாம். ஒளிக்கு ஆக்சிஜன் வேண்டும். அடர்ந்து வளர்ந்த குழாயை இரண்டு நிமிஷம் அசையாமல் வைத்தாலே செல்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். திரவம் இருண்டு, மேல்மட்டத்தில் மட்டும் மோதிரம் போல ஒரு கோடு நிற்கும். மூடியை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்குங்கள். அந்த நொடியே குழாய் முழுக்கப் பற்றிக்கொண்டால் நொதி இருக்கிறது, மூச்சுத்தான் முட்டியது. குலுக்கியும் இருட்டு, 24 டிகிரிக்குக் கொண்டுவந்து ஓரிரு மணி கழித்து ஒளி வருகிறது என்றால், சூட்டில் கெட்ட புரதம் புதிதாகத் தயாராகியிருக்கிறது. இதற்கும் அசையவில்லை, ஏஹெச்எல் சேர்த்தால்தான் வருகிறது என்றால் சமிக்ஞைக் குறை. மூன்று விதமான இருட்டையும் பிரிக்கத் தெரிந்துகொண்ட மாணவருக்கு மரபணுக் கட்டுப்பாடு பாதி புரிந்த மாதிரி. கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை, ‘நன்றாகக் குலுக்கவும்’ என்பதைத் தவிர.

கையேட்டில் இல்லாத, ஆனால் இந்தப் பெட்டியிலேயே ஆகச் சிறந்த சோதனை ஒன்று உண்டு. தட்டின் நடுவில் இயல்பான ரகத்தை ஒரு கோடாக இழுங்கள். அதற்குச் செங்குத்தாக, தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, முடக்கிய ரகத்தை விளிம்பு வரை இழுங்கள். மறுநாள் காலை இருட்டறையில் பார்த்தால் நடுக்கோடு முழுவதும் ஒளிரும். முடக்கிய ரகத்தின் கோட்டில் நடுப்பக்கத்து நுனி மட்டும் பிரகாசமாக இருக்கும், விளிம்பு நோக்கிப் போகப் போக மங்கி அணைந்திருக்கும். அகார் வழியே பரவிய ஏஹெச்எல் எவ்வளவு தூரம் எட்டியது என்பதைக் கண்ணே அளந்துவிடும். சிரிஞ்சு, வடிகட்டி, மைக்ரோபிப்பெட் எதுவும் தேவையில்லை. பள்ளி மேல்நிலை வகுப்புக்கும் இதைக் காட்டலாம்.

முடக்கிய ரகம் நன்றாக அடர்ந்த பிறகு, முப்பது நொடி திறந்துவைத்த கேமராவில் மிக மெல்லிய ஒளி பதிவானால் கலப்படம் என்று பதற வேண்டாம். இந்தப் பாக்டீரியாவில் ‘ஐன் எஸ்’ என்ற இன்னொரு மரபணு, எட்டுக் கார்பன் சங்கிலி கொண்ட வேறொரு லாக்டோனைச் செய்கிறது. லக்ஸ் ஆர் அதற்கும் அரைகுறையாக இணங்கும்.

பார்ப்பதற்கு அறை: ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் போதும். கதவின் அடி இடுக்கில் துணியைச் சொருகி, இன்குபேட்டர், ஸ்டெபிலைசர் விளக்குகளின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் போன் எடுக்காமல் நிற்க வேண்டும். இதுதான் முழுச் செய்முறையிலும் கஷ்டமான படி. போன் கேமராவில் எடுக்க ஸ்டாண்டில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 3200, பதினைந்து முதல் முப்பது நொடி. நாலு குழாயையும் ஒரே படத்தில் எடுத்தால்தான் ஒப்பிடலாம்.

கையேட்டின் படத்தைப் பற்றி ஒரு முறையீடு. மூன்று சமிக்ஞை, மூன்று ஏற்பி, லக்ஸ் யூ, லக்ஸ் ஓ என்ற புரதங்கள், ஐந்து சிற்றார்என்ஏ (சிறு ஆர்என்ஏத் துண்டுகள்) என்று ஒரு பெரிய வரைபடம் போட்டு, கீழே விப்ரியோ ஃபிஷெரி என்று எழுதியிருக்கிறார்கள். அது விப்ரியோ ஹார்வேயி என்ற இன்னொரு ஒளிர் பாக்டீரியாவின் கதை. அங்கே கூட்டம் குறைவாக இருக்கும்போது லக்ஸ் ஓ பாஸ்பேட் ஏறி நிற்கும், சிற்றார்என்ஏக்கள் லக்ஸ் ஆர் செய்தி ஆர்என்ஏவை அழித்துக்கொண்டே இருக்கும். கூட்டம் கூடினால் அந்தத் தடை விலகும். ஃபிஷெரியில் தூண்டுவது, ஹார்வேயியில் தடையை எடுப்பது. ஃபிஷெரியிலும் லக்ஸ் ஓ வழி உண்டு. ஆனால் ஒரே சிற்றார்என்ஏதான், அது போய் முடிவது லிட் ஆர் என்ற புரதத்தில், லிட் ஆர்தான் லக்ஸ் ஆரைக் கூட்டிவிடும். இன்னொரு குழப்பம், ஹார்வேயியின் லக்ஸ் ஆரும் ஃபிஷெரியின் லக்ஸ் ஆரும் பெயரில் மட்டுமே உறவு, புரதக் குடும்பம் வேறு. பருவத் தேர்வுக்கு இந்தப் படத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பாவம்.

இல்லாத குறை ஒன்று: லக்ஸ் ஆரை முடக்கிய ரகமும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். ஏஹெச்எல் சேர்த்தும் ஒளிராத குழாய் ஒன்று பக்கத்தில் இருந்தால், பேசாத செல்லுக்கும் காது கேளாத செல்லுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வெறும் ஒளி மட்டும் போதும், பாடம் வேண்டாம் என்பவர்கள் இவ்வளவு பணம் போட வேண்டியதில்லை. உவரியிலோ மணப்பாட்டிலோ கரைக்கு வந்த புதுக் காரல் மீன் போதும். காரலின் உணவுக்குழாயைச் சுற்றி, இரைப்பைக்குச் சற்று மேலே, வளையமாக ஓர் ஒளியுறுப்பு உண்டு. அதை வெட்டியெடுத்து, கொதிக்கவைத்து ஆறிய மூன்று சதவீத உப்பு நீரில் நசுக்கி, மேலே சொன்ன தட்டில் இழுத்தால் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்ற ஒளிர் பாக்டீரியா வளரும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஃபிஷெரியைவிட இது பழக்கப்பட்டது, 28 டிகிரியில் திருப்தியாக ஒளிரும். பதினைந்து மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள், குமிழி முதிர்ந்தால் மங்கும். ஆனால் இதன் லக்ஸ் ஓபரானுக்குப் பக்கத்தில் லக்ஸ் ஆர், லக்ஸ் ஐ ஜோடி கிடையாது. எனவே நாலு குழாய்ச் சோதனைக்கு இது ஆகாது.

முடக்கிய ரகம் மரபணு மாற்றிய உயிரி. 1989ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள், பெட்டியில் வரும் சான்றிதழை இணைத்தால் போதும் என்று விற்பனையாளர் சொன்னாலும். வேலை முடிந்ததும் எல்லாக் குழாயும் தட்டும் ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டும், வாஷ்பேசினுக்கு அல்ல. மீனிலிருந்து எடுத்தவற்றுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். இறால் குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும் ஒளிர் விப்ரியோக்களும் இதே கடலில்தான் இருக்கின்றன, கரையோரம் இறால் பொரிப்பகங்களும் இருக்கின்றன.

ஆர்டர் போடும்போது இயல்பான ரகம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பான் கடல் மீனிலிருந்து எடுத்த எம்ஜே1 வழி என்றால் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஹவாய்க் கணவாயிலிருந்து எடுத்த இஎஸ்114 என்றால் கணவாய்க்குள் பிரமாதமாக ஒளிரும், குழாயில் கண்ணுக்கே தெரியாது. ஏஹெச்எல் சேர்த்தால்தான் தெரியும். எங்களுக்கு வந்தது முதல் வகை. இரண்டு குப்பிகளையும் கிளிசராலில் சேமித்துவிட்டால், அடுத்த ஆண்டு ஏஹெச்எல் குப்பி மட்டும் தனியாக வாங்கினால் போதும். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், துணைப்பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.